அண்ணியை மறுத்த மூணு பக்கம்

எங்க துப்பாக்கிச் சங்கத்துக்கு இந்த வருஷம் நூத்தைம்பது வயசு. விழா மலர் போடுறாங்க. தலைவர் ராய்னர் வீட்டுக்கே வந்து, "ஃபெர்டி மாமா, வால்புர்கா அம்மாவைப் பத்தி நீங்கதான் எழுதணும். ஒரு பக்கம் போதும், நல்லபடியா எழுதுங்க"ன்னு சொன்னான். சரின்னேன். போறப்ப வாசல்ல நின்னுக்கிட்டு இன்னொண்ணும் சொன்னான். "அந்தப் பழைய தீர்மானப் புத்தகத்துல இருக்கிற மூணு பக்கத்தை மட்டும் கிளறாதீங்க மாமா. இப்ப எதுக்கு அதெல்லாம்? நம்ம சங்கம் எப்பவுமே பெண்களுக்கு இடம் குடுத்த சங்கம்னு ஒரு வரி போட்டா அழகா இருக்கும்."

எப்பவுமேவாம்! எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிடுச்சு. அந்த மூணு பக்கமும் என் கையெழுத்து. 1972லேர்ந்து இருபத்தெட்டு வருஷம் இந்தச் சங்கத்துக்குச் செயலாளரா இருந்தவன் நான். என் கையால எழுதினது எனக்குத் தெரியாதா? ஒரு பக்கம் கேட்டான். எத்தனை பக்கம் வருதோ அத்தனையும் எழுதுறேன்.

வால்புர்கா எனக்கு அண்ணி. என் அண்ணன் அலோய்ஸ் கட்டிக்கிட்டு வந்தவங்க. பிறந்தது 1939ல, பக்கத்து மலை வனக்காவலர் வீட்டுல. அவருக்கு ஆண் பிள்ளை கிடையாது. அதனால காட்டுப்பன்றிக்குக் காத்துக் கிடக்கிறதுலேர்ந்து துப்பாக்கியைப் பிரிச்சு எண்ணெய் போடுறது வரைக்கும் எல்லாத்தையும் இந்தப் பொண்ணுக்கே சொல்லிக் குடுத்துட்டார். எங்க ஹால்டர்பெக்குக்கு வாழ வந்த முதல் வருஷமே சங்கத்துத் துப்பாக்கியை வாங்கி ரெண்டு குண்டு சுட்டுப் பார்த்துட்டு, "இது இடது பக்கம் இழுக்குதே, இதை வச்சுக்கிட்டா ராஜாவைத் தேர்ந்தெடுக்கிறீங்க?"ன்னு கேட்டாங்க. அன்னையிலேர்ந்து திருவிழாவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை துப்பாக்கிங்களைச் சுட்டுப் பார்த்துச் சரிபண்றது அவங்க வேலை. சம்பளம் கிடையாது, நன்றியும் கிடையாது.

திருவிழா எங்க சாவர்லாந்து மலையில எல்லா ஊருலயும் இருக்கிறதுதான். மூணு நாள். பச்சைச் சட்டை, இறகு வச்ச தொப்பி, பாண்டு வாத்தியம், பீர். திங்கட்கிழமை காலையில கம்பத்து உச்சியில மரத்துல செஞ்ச பறவையை மாட்டி வரிசையா சுடுவோம். ஒரு முறைக்கு ஒரு குண்டு. கடைசித் துண்டை எவன் விழவைக்கிறானோ அவன்தான் அந்த வருஷத்து ராஜா. அவன் பேரை ஒரு வெள்ளித் தகட்டுல வெட்டி, ராஜா மாலையில கோத்துடுவாங்க. பெண்கள் அந்த மூணு நாளும் கேக் சுடலாம், தோள்ல போடுற பட்டை தைக்கலாம், ராஜாவோட கையைப் பிடிச்சுக்கிட்டு ராணியா நடக்கலாம். பறவையைச் சுடக்கூடாது. சுடுறதுக்கு உறுப்பினரா இருக்கணும், உறுப்பினர்னா ஆம்பளை. சங்கத்தோட முதல் விதியே அப்படித்தான் ஆரம்பிக்கும்.

அண்ணி பிழைப்புக்கு ஓட்டினது பள்ளிக்கூட பஸ். 1969 குளிர்காலத்துல பழைய டிரைவர் காலை உடைச்சுக்கிட்டு படுத்துட்டார். அப்பாவோட விறகு லாரியை ஓட்டிப் பழகின அண்ணி, உரிமம் வாங்கிக்கிட்டு வந்து, "நான் ஓட்டுறேன்"னு நின்னாங்க. ஊரே கொதிச்சுப்போச்சு. பொம்பளை கையில எங்க பிள்ளைங்க உயிரான்னு கேட்டாங்க. முதல் நாள் முப்பத்தொரு பிள்ளைங்கள்ல ஒம்பதுதான் ஏறுச்சு. மத்தவங்களை அப்பன்மார் டிராக்டர்ல கொண்டுபோய் விட்டாங்க.

ரெண்டாவது வாரம் பனி கொட்டுச்சு பாருங்க, டிராக்டர் எல்லாம் கொட்டகையை விட்டு நகரல. அண்ணி டயருக்குச் சங்கிலி கட்டிக்கிட்டு மலையேறிப் போயிட்டு வந்தாங்க. அப்புறம் ஒவ்வொரு வீடா பிள்ளையை அனுப்ப ஆரம்பிச்சுச்சு. மனசு மாறி ஒருத்தனும் அனுப்பல, பனி பெஞ்சதால அனுப்பினான். அனுப்பின பிறகுதான் மனசு மாறுச்சு. வசந்தம் வர்றப்ப, "வால்புர்கா ஓட்டுறப்பதான் பிள்ளை வாந்தி எடுக்கிறதில்ல"ன்னு அதே வாய்ங்க சொல்லுச்சு. இருபத்தொன்பது வருஷம் இந்த ஊர்ப் பிள்ளைங்க எல்லாரும் அந்த பஸ் கண்ணாடியில அண்ணியோட முறைப்பைப் பார்த்துத்தான் வளர்ந்துச்சுங்க. ராய்னரும்தான்.

இப்ப அந்த மூணு பக்கத்துக்கு வர்றேன்.

1973ல அண்ணி முதல் தடவை உறுப்பினராகணும்னு எழுதிக் குடுத்தாங்க. அப்ப தலைவர் எங்கல்பெர்ட், இப்ப இருக்கிற ராய்னரோட அப்பா. மாட்டுத்தீவனம் விக்கிறவர். வருஷத்துல மூணு நாள் அவருக்குக் கர்னல்னு பேரு, இடுப்புல வாள் வேற. "ஃபெர்டி, எழுதுப்பா"ன்னார். எழுதினேன்: "பெண்களின் மென்மையான காதுகளுக்குத் துப்பாக்கிச் சத்தம் ஒத்துவராது. நிராகரிக்கப்பட்டது." முந்தின வெள்ளிக்கிழமைதான் அந்த மென்மையான காதுக்காரி நாப்பது குண்டு சுட்டு எங்களுக்குத் துப்பாக்கியைச் சரிபண்ணிக் குடுத்திருந்தாங்க. நானும் எதிராத்தான் கை தூக்கினேன். அண்ணன் அலோய்ஸ் பல்வலின்னு சொல்லிக் கூட்டத்துக்கே வரல. அன்னைக்கு ராத்திரி அந்தப் பல்லால பன்றிக்கறியை எப்படிக் கடிச்சான்னு அண்ணி இன்னிக்கும் சொல்லிக்காட்டுவாங்க.

1984ல ரெண்டாவது தடவை. அப்ப பஞ்சாயத்துலயே ரெண்டு பொம்பளைங்க உக்காந்தாச்சு, தபால் நிலையத்துக்கும் ஒரு பொம்பளைதான் அதிகாரி. நான் எழுதினது: "மண்டபத்தில் பெண்களுக்குக் கழிப்பறை வசதி இல்லை. நிராகரிக்கப்பட்டது." அந்த மண்டபத்துல முப்பது பொம்பளைங்க மூணு நாளும் கேக் வெட்டுவாங்க. அவங்க எங்கே போனாங்கன்னு ஒருத்தனும் கேக்கல, நானும் கேக்கல. அந்தத் தடவையும் எதிராத்தான் தூக்கினேன். இதைச் சொல்ல எனக்குக் கூசுது. கூசட்டும்.

1996ல மூணாவது. அதுக்கு ஒரே வார்த்தை: "பாரம்பரியம்." எதிரா நாப்பத்தொண்ணு, ஆதரவா முப்பத்தெட்டு. நான் எதிரா தூக்கல, ஆதரவாவும் தூக்கல. பேனா பிடிச்சிருந்தேன், கை காலி இல்லன்னு அண்ணிகிட்ட சொன்னேன். அவங்க என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, "உனக்கு ரெண்டு கை இருக்குன்னு நினைச்சிருந்தேன் ஃபெர்டி"ன்னு சொல்லிட்டு பஸ்ஸைக் கழுவப் போயிட்டாங்க. ஆனா அடுத்த வெள்ளிக்கிழமை வந்து துப்பாக்கியைச் சரிபண்ணிக் குடுத்தாங்க. ஏன் அண்ணி இன்னும் இதைச் செய்றீங்கன்னு கேட்டேன். "நீங்க தப்பு செய்றீங்கன்னு துப்பாக்கியும் தப்பா சுடணுமா?"ன்னாங்க.

அப்புறம் வந்துச்சு 1998.

அதுக்குள்ள ஊரே வேற ஊரா ஆயிருந்துச்சு. விளக்குத் தொழிற்சாலையை மூடிட்டாங்க. ஆம்பளைங்க பாதிப்பேர் வாரம் பூரா வெளியூர் வேலை. ராஜாவா இருக்கிறது லேசுப்பட்ட காரியமா? வருஷம் பூரா ஞாயித்துக்கிழமை தவறாம பக்கத்து ஊர் விழாவுக்கெல்லாம் மாலையைப் போட்டுக்கிட்டுப் போய் நிக்கணும். யாருக்கு நேரம் இருக்கு? ஆனா எனக்கு வேண்டாம்னு வாயால சொல்ல எவனுக்கும் தைரியம் இல்ல. மானப் பிரச்சினை. அதனால எங்க ஆளுங்க ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. வரிசையில நிப்பாங்க, மீசையை முறுக்குவாங்க, துப்பாக்கியைப் பிடிப்பாங்க, வேணும்னே தப்பா சுடுவாங்க.

அந்தத் திங்கட்கிழமை பதினோரு மணிக்கெல்லாம் பறவையோட தலை, இறக்கை, வால் எல்லாம் போயாச்சு. உடம்புக்கட்டை மட்டும் ஒரு கைக்குட்டைப் பெட்டி அளவுக்கு ஆணியில தொங்குது. அதைச் சுட ஆள் இல்ல. "நீ போ", "இல்லல்ல, பெரியவர் நீங்க முதல்ல"ன்னு ஒருத்தனை ஒருத்தன் தள்ளிவிடுறான். கசாப்புக்கடை நோர்பெர்ட் ஓடுற பன்றியைக் கண்ணுக்கு நடுவுல அடிக்கிறவன். அவன் சுட்ட குண்டு மேகத்துக்குப் போச்சு. ஜனங்க சிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடிக்கிறதுக்குள்ள பறவை விழலேன்னா ராஜா கிடையாது. மத்தியான ஊர்வலம் தலையில்லாம போகணும். உலக யுத்தக் காலத்தைத் தவிர அப்படி நடந்ததே இல்ல. பக்கத்து ஊர்க்காரன் எல்லாம் பந்தல்ல உக்காந்து வேடிக்கை பார்க்கிறான்.

கர்னல் எங்கல்பெர்ட் முகத்துல ஈயாடல. என்னை ஓரமா இழுத்துக்கிட்டுப் போனார். "ஃபெர்டி, உங்க அண்ணியைக் கூப்பிடு. ஒரே ஒரு குண்டு. வெளியில அலோய்ஸ் சுட்டதா அறிவிச்சுடலாம். அவன் பேரே மாலையில ஏறட்டும். எல்லாருக்கும் நல்லது."

மைதானத்து ஓரத்துல பஸ்ஸை நிறுத்திட்டு, படியில உக்காந்து ரொட்டி தின்னுக்கிட்டிருந்தாங்க அண்ணி. போய்ச் சொன்னேன். வாயில இருந்ததை மென்னு முழுங்கினாங்க.

"யாரு பேர்ல?"ன்னாங்க.

"அண்ணன் பேர்ல..."

"சுடுறது நான், ராஜா அவரா?"

"ஊர் மானம் போகுது அண்ணி."

"போகட்டும். அது என் கையில குடுத்து வச்ச மானம் இல்லையே. இருபத்தஞ்சு வருஷமா என் காது மென்மையா இருந்துச்சு, இன்னிக்கு மட்டும் கெட்டியாயிடுச்சா?" ரொட்டித்தூளைத் தட்டிக்கிட்டு எழுந்தாங்க. "வா, நானே பேசிக்கிறேன்."

நேரா கர்னல் முன்னாடி போய் நின்னாங்க.

"கர்னல் ஐயா, சுடுறேன். ஆனா உதவிக்கு வந்தவளா சுடமாட்டேன், உறுப்பினரா சுடுறேன். இங்கேயே, இப்பவே கூட்டத்தைப் போடுங்க, கை தூக்கச் சொல்லுங்க. தோத்தா நான் என் பஸ்ஸுக்குப் போறேன், நீங்க உங்க பறவையைப் பார்த்துக்கிட்டு நில்லுங்க."

"வால்புர்கா, இதென்ன விளையாட்டா? இந்த மைதானத்துல கூட்டம் போட விதியில இடமே இல்ல"ன்னார் கர்னல்.

அப்பத்தான் என் வாய் திறந்துச்சு. எப்படித் திறந்துச்சுன்னு எனக்கே தெரியாது. "விதி பதினாலு இருக்கு கர்னல். அவசரம்னா தலைவர் எந்த இடத்துலயும் கூட்டலாம். பந்தல் காத்துல பறந்தப்ப வயல்லயே கூட்டினீங்களே, நான்தானே எழுதினேன்."

கர்னல் என்னை முறைச்ச முறைப்புக்கு மாட்டுத்தீவனமே பத்திக்கும். பின்னாடியிலேர்ந்து ஒரு பையன், "விதி பதினாலு! விதி பதினாலு!"ன்னு கத்தினான். அப்புறம் ஊரே கத்துச்சு. அவர் கூட்டத்தைக் கூட்டினார், வேற வழி?

"ஒரு நிமிஷம்"ன்னாங்க அண்ணி. "கை தூக்குறதுக்கு முன்னாடி எதை மாத்தப்போறோம்னு எல்லாருக்கும் தெரியணும். ஃபெர்டி, புத்தகம் கொண்டுவந்திருக்கல்ல? பாண்டுக்காரங்க மைக்கை வாங்கு. மூணு பக்கத்தையும் வாசி."

"அண்ணி, மணி பதினொண்ணே முக்கால்..."

"எனக்கு அவசரம் இல்ல. வாசி."

வாசிச்சேன். என் கையெழுத்தை என் வாயாலயே, பக்கத்து ஊர் ஜனங்க முன்னாடி. மென்மையான காது வந்தப்ப ஒரு சிரிப்பு எழுந்துச்சு. கழிப்பறை வந்தப்ப கேக் மேசைப் பக்கமிருந்து, "அட பாவிங்களா!"ன்னு ஒரு பொம்பளைக் குரல். பாரம்பரியம்னு வாசிச்சப்ப யாரும் சிரிக்கல. எனக்குக் கண் கலங்கிடுச்சு, எழுத்து தெரியல. ஆனா அந்த ஒரு வார்த்தைக்கு எழுத்து தெரியணும்னு இல்லையே.

"ஆதரவா இருக்கிறவங்க கை தூக்குங்க"ன்னார் கர்னல், வாய்க்குள்ளேயே.

முதல்ல எழுந்தது அண்ணன் அலோய்ஸ். பீர் குவளையைக் கீழே வச்சுட்டு ரெண்டு கையையும் தூக்கினான். "ஒருத்தருக்கு ஒரு கைதான்"னார் கர்னல். "இன்னொண்ணு எழுபத்துமூணுக்கு"ன்னான் அண்ணன். அண்ணி வேற பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

அப்புறம் நான் தூக்கினேன். பேனாவைச் சட்டைப் பையில சொருகிட்டு, எல்லாரும் பார்க்கிற மாதிரி.

முன்வரிசைக் கிழவங்க கையைக் கட்டிக்கிட்டு நின்னாங்க. பின்னாடிதான் நடந்துச்சு வேடிக்கை. இருபதுலேர்ந்து முப்பத்தஞ்சு வயசு வரைக்கும் இருக்கிற பயலுங்க, அத்தனை பேரும் அந்த பஸ்ஸுல ஏறி இறங்கினவங்க. அண்ணி திரும்பி அவங்களை ஒரு பார்வை பார்த்தாங்க. அதே கண்ணாடிப் பார்வை. "டேய், தூக்குங்கடா, இல்லேன்னா நடந்துதான் வீட்டுக்குப் போகணும்"னு ஒருத்தன் சொன்னதும் பூரா வரிசையும் சிரிச்சுக்கிட்டே கையைத் தூக்குச்சு. கர்னலோட சொந்த மகன் ராய்னரும் தூக்கினான். அப்பன் பார்க்கிறாருன்னு பாதியில இறக்கப் பார்த்தான், பக்கத்துல இருந்தவன் அவன் முழங்கையைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டான். மூணுல ரெண்டு பங்கு வேணும். எண்ணினேன், ரெண்டு தடவை எண்ணினேன். எழுபத்தி நாலுக்கு இருபத்தொன்பது.

அந்த இடத்துலயே எழுதினேன்: "வால்புர்கா, பஸ் ஓட்டுநர், உறுப்பினர்."

மணி பன்னிரண்டாக எட்டு நிமிஷம். அண்ணி துப்பாக்கியைப் பிடிச்சாங்க, மூச்சை விட்டாங்க, சுட்டாங்க. கட்டை படார்னு ஆடுச்சு. ஆணி வளைஞ்சுச்சு. விழல. ஒரு முறைக்கு ஒரு குண்டுதான். மத்தவங்க ஒதுங்கிக்கிட்டாங்க, வரிசையில மீதி நோர்பெர்ட் மட்டும்தான். அவன் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு வந்து துப்பாக்கியை வானத்தைப் பார்த்துத் தூக்கினான். நல்ல பையன், அண்ணிக்கு விட்டுக்குடுக்கப் பார்த்தான்.

"நோர்பெர்ட்!"னு ஒரு அதட்டல். அவன் எட்டு வயசுல பஸ் இருக்கையில கத்தியால கீறினப்ப கேட்ட அதே குரல். "குறி பார்த்துச் சுடு. உன் பிச்சை எனக்கு வேண்டாம்."

அவன் முகம் செவந்துபோச்சு. குறி பார்த்தான், நிஜமாவே பார்த்தான். சுட்டான். பாதிக் கட்டை பிச்சுக்கிட்டுப் பறந்துச்சு. ஜனங்க, "ஐயோ"ன்னு எழுந்தே நின்னுட்டாங்க. மீதி ஒரு கையளவு சில்லு ஆணியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. போச்சு, இவ்வளவு பாடும் வீணாப்போச்சுன்னு நினைச்சேன். அண்ணி நோர்பெர்ட் தோளைத் தட்டி, "இதுதான் சுடுறது"ன்னு சொல்லிட்டு மறுபடி போய் நின்னாங்க. நிதானமா பிடிச்சாங்க. சுட்டாங்க. சில்லு விழுந்துச்சு. அது தரையைத் தொட்டு ரெண்டு நிமிஷம் கழிச்சுதான் மணி அடிச்சுச்சு.

பாண்டுக்காரங்களுக்கு என்ன வாசிக்கிறதுன்னே தெரியல. கர்னல் மாலையை எடுத்து அண்ணி கழுத்துல போட்டார். "ராணி யாரு?"ன்னு வழக்கப்படி கேட்டுத் தொலைச்சார், கேட்ட பிறகு நாக்கைக் கடிச்சுக்கிட்டார். அண்ணி கூட்டத்தைப் பார்த்து, "என்னய்யா அலோய்ஸ், கூட நடக்கிறியா, இல்ல பல்வலியா?"ன்னாங்க. நடந்தான். நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு, பஸ் ஓட்டுநர் உடுப்புல இருந்த ராஜாவுக்குப் பக்கத்துல நடந்தான்.

அடுத்த வருஷம் பதினோரு பொம்பளைங்க சேர்ந்தாங்க. திங்கட்கிழமை வரிசையில அவங்களைப் பார்த்ததும் எங்க ஆளுங்க ஒருத்தனுக்கும் குறி தவறல. ஒம்பதே முக்காலுக்கெல்லாம் பறவை தரையில. "பார்த்தியா ஃபெர்டி, எல்லாருக்கும் திடீர்னு கண்ணு தெரியுது"ன்னு அண்ணி சிரிச்ச சிரிப்பு இன்னும் என் காதுல இருக்கு. இப்ப சங்கத்துல பாதிக்குப் பாதி பொம்பளைங்க. அதுல ஒருத்தி துணைத் தலைவர். ஒரு சின்னப் பொண்ணு போன மாசம் என்கிட்ட, "இது என்ன பெரிய விஷயம் தாத்தா, எப்பவுமே இப்படித்தானே?"ன்னு கேட்டா. அவளைக் குத்தம் சொல்லமாட்டேன். அவளுக்கு யாரும் அந்தப் பக்கங்களைக் காட்டல.

ராய்னர் சொன்னதை நேத்து அண்ணிகிட்ட போய்ச் சொன்னேன். எண்பது வயசு. முழங்கால் போச்சு, வாய் போகல. தோட்டத்துல உக்காந்து பீன்ஸ் நறுக்கிக்கிட்டு இருந்தாங்க.

"அந்த மூணு பக்கத்தை விட்டுட்டா, நான் ஏதோ பறவையைச் சுட்டவ, அவ்வளவுதான்"ன்னாங்க. "நான் சுட்டது ரெண்டு குண்டு, ஃபெர்டி. ஆனா அதுக்குக் காத்திருந்தது இருபத்தஞ்சு வருஷம். அதைப் போடு."

போட்டிருக்கேன். ராய்னருக்கு ஒரு சேதி: மூணு பக்கத்தையும் படமெடுத்து இதோட ஒட்டியிருக்கேன். அச்சடிச்சா அந்த மூணு, இது ஒண்ணு, நாலையும் சேர்த்து அடி. இல்லேன்னா எதையும் அடிக்காதே. திருவிழா அன்னைக்கு நானே மைக்கைப் பிடிச்சு வாசிக்கிறேன், எனக்கு ஏற்கனவே பழக்கம்தான். உன் கை பாதியில நின்னதையும் சேர்த்தே வாசிப்பேன்.